காது வச்ச கிண்ணம்

பையை மெதுவா தம்பி, மெதுவா. உள்ள பீங்கான் இருக்கு. மேல வைக்காதீங்க, எவனாவது மூட்டையைத் தூக்கி அது மேல போட்டா போச்சு. என் மடியிலயே குடுங்க. ம், இப்படி இருக்கட்டும். நீங்க ஜன்னலோரமா உட்காருங்க, எனக்கு வேடிக்கை பார்க்க ஒண்ணுமில்லை. திண்டுக்கல்லுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவுல நான் பார்க்காதது என்ன இருக்கு?

என்னன்னுதானே பார்க்கறீங்க? சவரக் கிண்ணம் தம்பி. முகத்துக்கு நுரை கலக்குவாங்கல்ல, அது. கூட ஒரு சோப்பு, ஒரு பிரஷ். சிரிக்கறதுன்னா சிரிங்க. கடைக்காரரும் சிரிச்சாரு. அறுபத்தி மூணு வயசுப் பொம்பளை சவரக் கிண்ணத்துக்கு மூணு கடை ஏறி இறங்குனா யாரும் சிரிக்கத்தான் செய்வாங்க. "யாருக்கும்மா?"ன்னாரு. "எனக்குத்தான்"னேன். அப்புறம் சிரிக்கலை.

உங்க தாடியைக் குத்திக் காட்டுறேன்னு நினைச்சுக்காதீங்க. உங்க தாடி நல்லா இருக்கு. எண்ணெயெல்லாம் போட்டுச் சீவுவீங்க போல. ஆனா அது நீங்களா வச்ச தாடி. எங்க வீட்டுக்காரரு மூஞ்சியில இருந்தது அடுத்தவங்க வச்ச தாடி. அதுக்குத்தான் இவ்வளவு சண்டையும்.

போன ஐப்பசியில வாதம் வந்து விழுந்தாரு. வலது கை, வலது காலு, பேச்சு, மூணும் போச்சு. ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவரு. எந்த பஸ்ஸு எத்தனை மணிக்கு உள்ள வந்துச்சு, எத்தனை மணிக்கு வெளிய போச்சுன்னு நோட்டுல எழுதற ஆளு. பஸ்ஸு லேட்டா வரும், இவரு சவரம் லேட்டாகாது. காலையில நாலரைக்குக் கண்ணாடி முன்னாடி நிப்பாரு. ரிட்டயர் ஆகியும் அதே நாலரை. "எங்க போறதுக்கு இந்த அலங்காரம்?"னு நான் கேட்டா, "எங்கயும் போகலைன்னா மூஞ்சி இல்லைன்னு ஆயிருமா?"ம்பாரு. அப்பேர்ப்பட்ட மனுஷன் தம்பி.

ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப அவரு அக்கா வந்தாங்க, தாராபுரத்துல இருந்து. அங்காத்தான்னு பேரு, நான் அண்ணின்னு கூப்பிடுவேன். வந்தவங்க என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேக்கலை. ஐ.சி.யூ. வாசல்ல நின்னு மஞ்சத்துணியில ஒரு ரூபாயை முடிஞ்சாங்க. "முருகா, எந் தம்பி மயிலு எந்திரிச்சு நடந்தா உன் மலைக்கு நடத்தியே கூட்டியாறேன். தலைமுடியும் தாடியும் உனக்குத்தான். அதுவரைக்கும் அவன் மூஞ்சியில கத்தி படாது"ன்னு சத்தமா வேண்டிக்கிட்டாங்க. நர்ஸு வந்து சத்தம் போடாதீங்கன்னு சொல்ற அளவுக்கு. வீட்டுக்கு வந்ததும் அவரு பிரஷ், கிண்ணம், ரேசர் எல்லாத்தையும் அள்ளிக் குப்பையில போட்டாங்க, கண்ணுல பட்டா கை பரபரக்குமாம்.

வேண்டுனது அவங்க. வளந்தது இவரு மூஞ்சியில. துடைக்கிறது நான். இதுல நியாயம் எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

வாய் ஒரு பக்கம் கோணிப் போச்சில்ல, கஞ்சி குடுத்தா பாதி உள்ள போகும், பாதி தாடியில இறங்கும். காஞ்சு போனா பசை மாதிரி பிடிச்சுக்கும். ஈரத்துணி வச்சுத் துடைச்சுத் துடைச்சு அந்த இடமே புண்ணாயிருச்சு. ஒரு புளிச்ச வாடை வேற. இடது கையால சொறிஞ்சுக்கிட்டே இருப்பாரு, தூக்கத்துலயும். மூணு மாசம் பார்த்தேன் தம்பி. மூணு மாசம். அதுக்கு மேல எனக்குப் பொறுக்கலை.

அவருகிட்ட கேட்டீங்களான்னு கேக்கறீங்களா? என்னத்தைக் கேக்கறது? நாப்பத்தோரு வருஷமா அந்த மூஞ்சியை நான் பார்க்கறேன். எக்சர்சைஸ் பழக்க ரெபேக்கான்னு ஒரு பிள்ளை வரும். அது சொல்லுச்சு, "கண்ணைச் சிமிட்டச் சொல்லிக் கேளுங்கம்மா, ஒரு தடவை சிமிட்டுனா ஆமா, ரெண்டு தடவைன்னா வேண்டாம்"னு. தண்ணி வேணுமா, ஃபேன் போடவான்னு கேக்கறதுக்கு அது சரி. தாடி பிடிக்குமான்னு அவரைப் போய் நான் கேக்கறதா? எனக்குத் தெரியாதா?

அவரு தாடியே வச்சதில்லைன்னு சொல்லலை. நான் மாசமா இருந்தப்ப ரெண்டு தடவை வச்சாரு. பொண்டாட்டி வயித்துல பிள்ளை இருந்தா கத்தி எடுக்கக் கூடாதுல்ல, அதுக்கு. அப்புறம் வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடந்து போவாரு, அந்த நாள்ல வைப்பாரு. இருபத்தெட்டு வருஷம் போனாரு. இந்த வருஷந்தான் போகலை. ரோட்டுல பாதயாத்திரைக்காரங்க சத்தம் கேட்டா தலையைத் திருப்பித் திருப்பி வாசலைப் பார்த்தாரு, நான் கதவைச் சாத்திட்டேன். அது வேற விஷயம். அந்தத் தாடியெல்லாம் அவரா வச்சது, நாள் குறிச்சு வச்சது. மலையை விட்டு இறங்குனதும் முதல் வேலையா வழிச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவாரு.

சரி, எடுத்துருவோம்னு துணிஞ்சேன். எனக்கு என்ன தெரியும்? கடையில ஒரு ரேசர் வாங்கியாந்து, டபராவுல வெந்நீர் ஊத்தி, குளிக்கிற சோப்பைக் கரைச்சு, கையாலயே பூசுனேன். இந்தக் கன்னத்துல ஆரம்பிச்சு அந்தக் கன்னத்துக்குப் போறதுக்குள்ள நுரை காஞ்சு போச்சு. காஞ்ச மூஞ்சியில பிளேடு இழுத்தா என்ன ஆகும்? வாய்க்குக் கீழ நாடியில ஒரு சொட்டு ரத்தம். பயந்து போய் நான் கையை உதற, டபரா கவுந்து மெத்தையெல்லாம் சோப்புத் தண்ணி. பாதித் தாடியோட நாலு நாள் கிடந்தாரு, பாவம். டபராவும் போச்சு. எத்தனை தடவை புளி போட்டுத் தேய்ச்சாலும் அதுல காப்பி குடிக்க எனக்கே மனசு வரலை.

அடுத்த வாரம் மெடிக்கல்ல ஒரு டப்பா குடுத்தான், அமுக்குனா நுரை பொங்கி வரும்ல, அது. பிரஷ் வேண்டாம், கிண்ணம் வேண்டாம், ரொம்ப சுலபம்னான். சுலபந்தான். புஸ்ஸுன்னு ஒரு கை நிறைய எடுத்து அவரு கன்னத்துல அப்புனேன். ஐஸு தம்பி! காலையில ஆறு மணி, மாசி மாசப் பனி. அவருக்கு உடம்பே தூக்கிப் போட்டுச்சு. இடது கையால என் கையைத் தட்டி விட்டுட்டு வாயைத் திறந்தாரு.

"முருகா"ன்னாரு.

நாலு மாசத்துல முதல் வார்த்தை. தெளிவா வந்துச்சு. அழுதேன், சிரிச்சேன், நுரையோடயே அவரு தலையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். சந்தோஷத்துல என் வாய் சும்மா இருந்துச்சா? அண்ணிக்குப் போனைப் போட்டு, நடந்தது நடந்தபடி சொன்னேன். அதான் நான் செஞ்ச தப்பு. வார்த்தை வந்துச்சுன்னு மட்டும் சொல்லியிருக்கணும், நுரையைச் சொல்லியிருக்கக் கூடாது.

மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் வந்து நின்னுட்டாங்க. "அடி பாவி, கத்தி படாதுன்னு நான் வேண்டியிருக்கேன், நீ கத்தியை வச்சுட்டியா? வாய் பேசாத மனுஷன் பதறிப் போய்ச் சாமியைக் கூப்பிட்டிருக்கானே, உனக்குப் புரியலையா?"ன்னு தெருவே கேக்கறாப்புல சத்தம். நான் விடலை. "அண்ணி, பனியில உங்க கன்னத்துல அதை அப்புனா நீங்களும் முருகான்னுதான் கத்துவீங்க, வேணும்னா இப்ப அப்பிக் காட்டட்டா?"ன்னு டப்பாவைத் தூக்கிட்டேன். பேசுனது தப்புத்தான், மூத்தவங்க. ஆனா பேசுனது பேசுனதுதான்.

மிச்சத் தாடியை எடுத்து முடிச்சிட்டுத்தான் அன்னைக்குச் சாப்பிட்டேன். அவங்க பார்க்கப் பார்க்க. செவ்வாய், வெள்ளி கத்தியைத் தொட மாட்டேன் தம்பி, நானும் சாமி கும்பிடறவதான். அது புதன்கிழமை.

நாலு நாள் கழிச்சு அவருக்குக் காய்ச்சல் வந்துச்சு. சளிக் காய்ச்சல், டாக்டரே சொன்னாரு. அதைக் கேட்டுட்டு அண்ணி எங்க மகனுக்குப் போன் பண்ணிட்டாங்க. அவன் திருப்பூர்ல இருக்கான். "அத்தை சொல்றதும் சரிதானேம்மா, நீ எதுக்கு இதுல பிடிவாதம் பிடிக்கறே? அப்பாவைக் கொஞ்ச நாள் தாராபுரத்துல விடுவோம், அவங்க பார்த்துக்கட்டும்"ங்கறான். வர்ற ஞாயித்துக்கிழமை காரு வருதாம் கூட்டிட்டுப் போக. கட்டின பொண்டாட்டி கல்லாட்டம் இருக்கேன், அவரை எடுத்துட்டுப் போறாங்களாம். தாடி வளர்க்க!

தாடி மறுபடி வளர ஆரம்பிச்சிருச்சு. முள்ளு முள்ளா நிக்குது. ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் ஒழுங்கா, சொட்டு ரத்தம் வராம, ஒரு முருகாவும் வராம, அவருக்குச் சவரம் பண்ணிக் காட்டணும். அவங்க வந்து பார்க்கறப்ப மூஞ்சி பளிச்சுன்னு இருக்கணும். அதுக்குத்தான் இன்னைக்குப் பக்கத்து வீட்டு மரகதத்தைப் பார்த்துக்கச் சொல்லிட்டுத் திண்டுக்கல் கிளம்புனேன். சாமான் சரியில்லாம நான் தோத்தேன்னு இருக்கக் கூடாது.

முதல்ல பாத்திரக் கடை. எவர்சில்வர்ல எத்தனை தினுசு வேணும்னாலும் இருக்கு. ஆனா எவர்சில்வர் உதவாது தம்பி, டபராவுலயே பட்டாச்சு. வெந்நீர் ஊத்துனதும் கையைச் சுடும், அஞ்சு நிமிஷத்துல சில்லுன்னு ஆயிரும். உள்ள வழவழன்னு இருக்கறதால பிரஷ் வழுக்கிக்கிட்டு ஓடும், நுரை ஏறாது. அடுத்தது ஃபேன்சி ஸ்டோரு. பிளாஸ்டிக் காட்டுனாங்க. ஃபேன் போட்டாலே நகருது. அங்க இருந்த பொண்ணு, "இப்ப யாரு பாட்டி கிண்ணத்துல கலக்கறா?"ன்னு அதே டப்பாவை நீட்டுச்சு. "அதுல ஒரு மனுஷன் சாமியைக் கூப்பிட்டுட்டாரு கண்ணு"ன்னுட்டு வந்துட்டேன்.

மூணாவதுதான் சலூன் சாமான் விக்கிற கடை. பீங்கான்ல வச்சிருந்தாரு. கனமா, உள்ள வரி வரியா, அடியில வளையம் வச்சு, பக்கத்துல காது வச்சு. எடுத்ததும் தெரிஞ்சு போச்சு இதுதான்னு. அந்த வரியில பிரஷ் உரசுனாத்தான் நுரை பொங்கும். பீங்கான் சூட்டை விடாது. காது எதுக்குன்னு கேளுங்க. நான் ஒரு கையில அவரு நாடியைப் பிடிக்கணும், ஒரு கையில பிரஷ். அப்பக் கிண்ணத்தை யாரு பிடிக்கறது? அவருதான். ரெபேக்கா சொல்லிக்கிட்டே இருக்கும், "அந்தக் கையைச் சும்மா போடாதீங்கம்மா, சூடா எதையாவது பிடிக்கக் குடுங்க, பிடிக்க முடியலைன்னாலும் குடுங்க"ன்னு. காதுக்குள்ள அவரு வலது கை விரலைக் கோத்து வயித்து மேல வச்சுட்டா விழாது. பண்ணிவிடறவளுக்குப் படுத்திருக்கறவரும் ஒரு உதவி பண்ணட்டும்.

சோப்புக்குத்தான் கடைக்காரரைப் படுத்தி எடுத்துட்டேன். எதுத்த டீக்கடையில இருந்து வெந்நீர் வாங்கியாரச் சொல்லி, பிரஷை ஊற வச்சு, உதறி, மூணு சோப்பையும் என் முழங்கையில போட்டுப் பார்த்தேன். வந்து போற ஆம்பளைங்க எல்லாம் நின்னு பார்த்தாங்க, பார்க்கட்டும். முதல் சோப்பு புதினா வாசம், போட்டதும் ஜிவ்வுன்னு எரியுது. வேண்டாம், ஒரு தடவை பட்டது போதும். ரெண்டாவது கல்யாண மாப்பிள்ளை கணக்கா மணக்குது, நூறு எண்ணறதுக்குள்ள நுரை படிஞ்சு போச்சு. மூணாவது சந்தனம். கொஞ்சமாத்தான் வாசம். தண்ணி ஜாஸ்தியானா குமிழி குமிழியா வரும், கம்மியானா பசையா இழுக்கும், பக்குவமா கலந்தா கெட்டித் தயிரு மாதிரி நிக்குது. இருநூத்தம்பது எண்ணினேன். அசையலை. நான் மெதுவா பண்றவ, எனக்கு அவ்வளவு நேரம் வேணும். கடைக்காரரு கடைசியில, "அம்மா, முப்பது வருஷமா சலூன்காரங்களுக்கு விக்கறேன், ஒருத்தரும் இப்படி எண்ணிப் பார்த்து வாங்கலை"ன்னாரு. "அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை கெடு இல்லையே"ன்னேன்.

என்ன? ஒட்டன்சத்திரம் வந்துருச்சா? தெரியும் தம்பி, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அவரு உட்கார்ந்த ரூமு அதோ, இப்ப வேற ஆளு. உட்காருங்க, உட்காருங்க, நான் இங்க இறங்கலை. பழனிக்கு டிக்கெட் எடுத்திருக்கேன்.

கோயிலுக்குத்தான். வேறெதுக்கு?

இவ்வளவு வாய் பேசிட்டு எதுக்குப் போறேன்னு கேக்கறீங்க, நியாயந்தான். நேத்துச் சாயங்காலம் ஒண்ணு நடந்துச்சு. அவருக்குக் கஞ்சி குடுத்துட்டு வாயைத் துடைச்சேன். துணி அந்த முள்ளுல மாட்டுச்சு. என்ன தோணுச்சோ, கேட்டுட்டேன். "இதை எடுத்துரட்டுமா?"ன்னேன். ஒரு தடவை சிமிட்டுனாரு. ஆமாங்கறாரு. பார்த்தியா, எனக்குத் தெரியாதான்னு எனக்கு ஒரே பெருமை. அதோட நிறுத்தியிருக்கலாம். அண்ணி பேசுன பேச்சு உள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. "முருகனுக்கு வேண்டுனது அப்படியே நிக்குதே, அதுக்குப் பயமா இருக்கா?"ன்னு கேட்டேன்.

அதுக்கும் ஒரு தடவைதான் சிமிட்டுனாரு தம்பி.

அப்ப அன்னைக்கு அந்த நுரையில கூப்பிட்டது குளிருக்கா, பயத்துக்கா? இனி எப்படித் தெரியும்? ரெண்டும் இருந்திருக்கும். நாலு மாசமா ஆளாளுக்கு அவரு மூஞ்சிக்குச் சண்டை போட்டோம், அண்ணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவருக்கு எடுக்கவும் வேணும், பயமாவும் இருக்கு. அதை ஒருத்தரும் கேக்கலை. நானும் கேக்கலை. ராத்திரி பூரா எனக்கு அது மனசை அறுத்துச்சு.

அதுக்காக அண்ணி சொல்றபடி விட்டுருவேன்னு நினைக்காதீங்க. விட மாட்டேன். ஒரு வழி இருக்கு. வேண்டுதலை மாத்திக்கலாம்ல? பிள்ளைக்கு வேண்டிக்கிட்டுத் தாய் மொட்டை போடறதில்லையா? அந்த மாதிரி. முருகா, அவரு தாடி உனக்கு வேண்டாம், கஞ்சி வடிஞ்ச தாடியை வச்சு நீ என்ன பண்ணப் போறே, என் முடியை எடுத்துக்கன்னு சொல்லிக் குடுத்துட்டு வரப் போறேன். அடிவாரத்துல மண்டபத்துல உட்கார்ந்தா பத்து நிமிஷ வேலை. பூ முடி, மூணு கத்திரி, அந்தக் கதையெல்லாம் இல்லை. முழுசா. அண்ணி ஞாயித்துக்கிழமை வந்து, சாமிக்குக் குறை வச்சியேன்னு வாயைத் திறக்கட்டும். முக்காட்டை எடுத்துக் காட்டறேன். அதுக்கப்புறமும் காரைத் திறந்தாங்கன்னா நானும் அதே காருல ஏறி உட்காருவேன், கிண்ணத்தோட.

முடிக்கு நான் வருத்தப்படலை. இந்த வயசுலயும் இடுப்பு வரைக்கும் இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க, இருந்துட்டுப் போகுது, வளரும். பயம் ஒண்ணே ஒண்ணுதான், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க என்னை மறுபடி பார்க்கப் போறதில்லை. இந்த நாலு மாசத்துல அவருக்கு நான் யாருன்னு தெரியுதான்னே எனக்கு நிச்சயமில்லை தம்பி. சில நாள் பார்ப்பாரு, சில நாள் சுவத்தைப் பார்க்கற மாதிரி பார்ப்பாரு. இருக்கற அடையாளத்தையும் வழிச்சுட்டு மொட்டைத் தலையோட போய் நின்னா, யாரோன்னு நினைச்சுட்டாருன்னா?

அதையும் யோசிச்சுட்டேன். நாளைக்கு வியாழக்கிழமை, கத்தி எடுக்கலாம். காலையில விளக்கைக் கூடப் போட மாட்டேன். வெந்நீர் வச்சு, நுரை கலக்கி, கிண்ணத்தை அவரு கையில கோத்துட்டு, இருட்டுலயே முதல்ல கன்னத்துல கையை வைப்பேன். நாப்பத்தோரு வருஷமா அவரு நெத்தியில தைலம் தேய்ச்ச கை இது. கையைத் தெரிஞ்ச பிறகு விளக்கைப் போடறேன். அப்புறம் தலையைப் பார்த்துட்டு அவரு என்ன வேணும்னாலும் நினைச்சுக்கட்டும், என் மூஞ்சியைப் பார்த்துத்தான் நினைக்கணும்.